உப்புத்தண்ணீர்க் கூட்டம்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, சளி விட்டதா? எனக்குக் கண்கட்டு அவிழ்த்துவிட்டார்கள். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, வீட்டில் தொங்கும் ஒட்டடை உட்பட. உன் மாமாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

போனில் பேசலாமே என்பாய். பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது. எழுதும்போது கையாவது பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

விஷயம் இதுதான். நான் கண் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் ஆராய்ச்சி நிலையத்து லாரி வந்து எட்டு ஆடுகளை ஏற்றிப் போயிருக்கிறது. நீ பேசி முடித்த ஏற்பாடுதான், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எட்டாவதாகச் சிணுங்கி போயிருக்கிறாள். “அதுவாத்தான் ஏறிச்சு, நான் என்ன பண்றது” என்கிறார் உன் மாமா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

தாய் செத்துப்போன குட்டியை வாண்டு புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததை நீயும் பார்த்தாய். என் மகள் வாண்டு காய்ச்சலில் போன பிறகு, அவள் கைபட்டு வளர்ந்த உயிர் என்று இந்த வீட்டில் மிஞ்சியது அந்த ஆடு ஒன்றுதான். சாயங்காலமானால் பின்வாசல் படியில் ஏறி நின்று பாலுக்குக் கத்துவாள். வளர்ந்து கொழுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் கத்த ஆரம்பித்தால் உன் மாமா எழுந்து வெளியே போய்விடுவார். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இடது காது கறுப்பு, வலது காது நுனி கிழிந்திருக்கும். தேடிப் பார். மற்ற ஏழும் வராவிட்டாலும் போகட்டும், அவளை எனக்குத் திருப்பி அனுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. கண்ணைக் கசக்காதே, தூசியில் நிற்காதே. மாமாவை மாடி ஏறவிடாதே.

உன் மகாராணியைத் தேடவே வேண்டியதில்லை. லாரியிலிருந்து இறங்கியதும் நேரே என்னிடம் வந்து சட்டைப் பொத்தானைப் பிய்த்துத் தின்றுவிட்டாள். நன்றாக இருக்கிறாள்.

நீ கவலைப்பட ஒன்றுமில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு ஆன்டிபயாட்டிக்கை ஆட்டின் கழுத்துச் சதையில் ஊசியாகப் போடுவோம். சதையிலிருந்து அது கசிந்து இரத்தத்தில் ஏறும். ஏறி, உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். ஈரல் அதில் கொஞ்சத்தை உடைக்கும். பெரும்பகுதியைச் சிறுநீரகம் வடிகட்டி மூத்திரத்தில் தள்ளிவிடும், மீதி சாணத்தோடு போகும். கழுத்தில் ஒரு மெல்லிய குழாய் வைத்து அவ்வப்போது இரத்தம் எடுத்து, எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அளப்பதுதான் என் வேலை. ஆட்டுக்காரர்கள் எத்தனை நாள் கழித்துப் பாலைக் கறந்து விற்கலாம், எப்போது கறிக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இங்கே மூன்று கூட்டம். நம் எட்டும் இரத்தக் கூட்டம். வேலை முடிந்ததும் ஓய்வு கொடுத்து அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இரண்டாவது கூட்டத்தை அறுத்து ஈரல், சிறுநீரகம், ஊசி போட்ட சதை எல்லாவற்றிலும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அது வேறு பிரிவு, நிலையத்தின் சொந்த ஆடுகள். மூன்றாவது கூட்டத்துக்கு மருந்தே கிடையாது, உப்புத்தண்ணீர்தான் போடுவோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

ஆக, சிணுங்கி முழுசாக வருவாள்.
தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். இருமலுக்கு வெந்நீர் குடி, ஜம்பமாக எழுதிக்கொண்டிருக்காதே.

கழுத்தில் குழாய் என்று எழுதியிருக்கிறாய். வாண்டுவுக்கும் குழாய் வைத்தார்கள். முதலில் கையில். பிறகு அங்கே நரம்பு கிடைக்கவில்லை என்று கழுத்தில். காய்ச்சலுக்கு மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் “இது கேட்கும்மா, இது கேட்கும்” என்றார் அந்த நர்ஸ். அவர் நல்லவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து உள்ளே போன உடம்பு வீட்டுக்கு வரும் என்று இனி யார் சொன்னாலும் என் மனசு ஒப்பாது.

அவளை உப்புத்தண்ணீர்க் கூட்டத்தில் சேர்த்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். அந்த மருந்து அவள் உடம்பில் போகக் கூடாது.

இன்னொன்று. நீ படித்த விஷயம் என்பதால் கேட்கிறேன். வாண்டுவுக்குக் கடைசி நாள் காலையில் ஒரு ஊசி போட்டார்கள். மதியத்துக்கு முன்னால் போய்விட்டாள். ஏறும், பிறகு இறங்கும் என்று எழுதியிருக்கிறாயே, அவளிடமிருந்து அந்த மருந்து இறங்கியிருக்குமா?

அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெந்நீர் குடித்தேன், வயிறு உப்பியதுதான் மிச்சம். மாமாவுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், வாசனை தாங்காது, ஜன்னலைத் திறந்து வைத்துத் தடவு.

உன் வயிற்றில் பால் வார்க்கிற செய்தி. சிணுங்கியை மாற்றிவிட்டேன். ஊசி வேலை தொடங்குவதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். எங்கள் தலைமை அவர்தான், கடுகடுப்பானவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சுத்தமான ஆடு எதுவானாலும் ஒண்ணுதான். ஆனா ஒரு தடவைதான் மாத்துவேன், அப்புறம் வந்து நிக்காதீங்க” என்றார். உப்புத்தண்ணீர்க் கூட்டத்திலிருந்து நிலையத்து ஆடு ஒன்று சிணுங்கி இடத்துக்கு வந்தது, அவள் அதன் இடத்துக்குப் போனாள்.

இதற்கு முன் நான் வேலை செய்த ஆராய்ச்சிகள் எல்லாம் இரத்தம் எடுப்பதோடு முடிந்தவை. அவற்றில் உப்புத்தண்ணீர் ஆடுகள்தான் கொடுத்து வைத்தவை. தின்னும், தூங்கும், முதல் லாரியில் வீட்டுக்குக் கிளம்பும். இவளும் அப்படித்தான். இப்போதே ராஜபோகம், பக்கத்து ஆட்டின் தீவனத்தையும் சேர்த்துத் தின்கிறாள்.

நிம்மதியாகத் தூங்கு.
தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு எத்தனையோ நாளைக்குப் பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். மாமா தைலம் தடவுகிறார், ஈ கூட அவர் பக்கம் போவதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சாயங்காலம் பின்வாசல் படியில் குளம்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. முதலில் எலி என்று நினைத்தேன். உன் மாமாவிடம் கேட்டேன், “எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றார். கேட்காதவர் எதற்குத் தன் நாற்காலியை எடுத்து முன்னறையில் போட்டுக்கொண்டார்? வாண்டு இருந்தவரை அவள் சத்தமும் ஆட்டுச் சத்தமுமாக இரண்டு சத்தம் வரும். அவள் போன பிறகு ஆட்டுச் சத்தம் மட்டும் வந்தது. இப்போது ஆடும் இல்லை, சத்தம் வருகிறது. சிணுங்கி வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய். வாண்டு பற்றிக் கேட்டதற்கு எழுதவில்லை. தெரியாது என்றால் தெரியாது என்றாவது எழுது.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் இருக்கிறேன். நீயும் மாமாவும் நலம்தானே?

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. ஊசி போட்டாயிற்று. ஆட்டின் இரத்தத்தில் மருந்து வேகமாக ஏறியது. இப்போது பாதியாகி, அந்தப் பாதியில் பாதியாகி இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு விசித்திரம் சொல்கிறேன். எல்லாம் போய்விட்டது என்று எங்கள் மெஷின் ஒருநாளும் சொல்லாது. இதற்கு மேல் என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்லும். இரத்தத்தில் தெரியாமல் போன பிறகும் சிறுநீரகத்தில் இருக்கும். ஊசி குத்திய இடத்தில் அதற்கும் மேல் நாள் தங்கியிருக்கும். அதனால்தான் அறுத்துப் பார்க்கிறார்கள்.

உப்புத்தண்ணீர்க் கூட்டத்தைப் பற்றி உனக்கு ஒன்று எழுத வேண்டும். டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை பேசினேன். மறுபடியும் பேசப் போகிறேன். பேசிவிட்டு எழுதுகிறேன்.

வாண்டு பற்றி நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது.
தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

இது என்ன கடிதம்? மென்று விழுங்கி எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நின்றால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் எதையாவது அளப்பாய்.

சிணுங்கிக்கு உடம்புக்கு ஏதாவதா? தீவனம் ஒத்துக்கொள்ளவில்லையா? இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் மருந்து போட்டுவிட்டார்களா? போட்டிருந்தாலும் போட்டோம் என்று சொல்லிவிடு. சண்டை போட மாட்டேன். நடந்ததைத் தாங்கிக்கொள்வேன், இப்படி இழுத்தடிப்பதைத் தாங்க முடியவில்லை. தபால்காரர் சைக்கிளைத் திருப்பினாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

அவளுக்குத் தனியாக ஒரு தடுப்புக் கட்டி வைத்திருக்கிறேன். உன் மாமாதான் கட்டினார். நான் சொல்லவில்லை, அவராகவே ஆணி அடித்தார். எப்போது அனுப்புகிறாய்?

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, வேறொன்றுமில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆடுகள் ஓய்வு முடிந்து தயார். வியாழக்கிழமை லாரி புறப்படும். எட்டு ஆடுகளும் வருகின்றன. மருந்தெல்லாம் வெளியேறியாயிற்று, தாராளமாகப் பால் கறக்கலாம்.

கொட்டகையைக் கழுவி விட்டோம். சுண்ணாம்பும் அடித்தாயிற்று. புது ஆடுகள் வந்திருக்கின்றன. ஒரு மூலைக்கு மட்டும் எதுவும் போக மாட்டேன் என்கிறது. தீவனத்தை அங்கே வைத்தாலும் இந்தப் பக்கமே நின்று கழுத்தை நீட்டுகிறது. கொட்டகைக்காரர் சுண்ணாம்பு நெடி என்கிறார். சுண்ணாம்பு நான்கு மூலையிலும்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.
தம்பி

மே 6

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

லாரி வந்தது. எட்டு இறங்கின. எட்டாவது வேறு ஆடு. வெள்ளைக் காது, கிழிசலும் இல்லை. யாரை ஏமாற்றலாம் என்று அனுப்பினாய்? எனக்குக் கண் சரியாகிவிட்டது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே.

டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கறுப்புக் காது ஆடு எங்கே என்று கேட்டேன். அவர் பாவம், நீயும் நானும் உடன்பிறந்தவர்கள் என்று தெரியாது. “அதுவாம்மா? உப்புத்தண்ணி ஆடுங்களைத்தான் மொதல்ல அறுப்பாங்க. அது யாரு கூப்பிட்டும் அசையல. அப்புறம் ரத்தம் எடுக்கிற சாரு வந்து, ‘ஏய் சோம்பேறி, வாடி வாடி’ன்னாரு. அது பாட்டுக்கு அவரு பின்னாலயே துள்ளிக்கிட்டுப் போச்சு. நாங்க எல்லாம் சிரிச்சோம்” என்றார்.

தவழ்கிற வயதில் வாண்டுவை நீ அப்படித்தான் கூப்பிடுவாய். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஆட்டைக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்குச் சிணுங்கி போவாள் என்று உலகத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். அவளுக்குள்ளே என்ன தேடினீர்கள், என்ன கிடைத்தது? வாண்டு பற்றிக் கேட்டதற்கும் இனி மழுப்பாமல் சொல்.

மே 9

அக்கா,

இந்த ஆராய்ச்சியில் உப்புத்தண்ணீர் ஆடுகளையும் அறுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மருந்தே போகாத ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கும் என்று மெஷினுக்கு முதலில் காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் மற்றதை அளக்க முடியும். சதை, ஈரல் வேலை என் பிரிவில்லை. அறுக்கும் தேதியைக் கதவில் ஒட்டிய அன்றுதான் பார்த்தேன். டாக்டரம்மா காலில் விழாத குறை. “ஒரு தடவைதான்னு அன்னைக்கே சொன்னேன். ஆளாளுக்குப் பிடிச்ச ஆட்டை மாத்தினா இது ஆராய்ச்சியே இல்ல” என்றார். அவர் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இருந்த இடத்திலேயே விட்டிருந்தால் சிணுங்கி உன் படியில் நின்றிருப்பாள்.

கயிறு போட்டு இழுத்தார்கள். அவள் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு கத்தினாள். அதைப் பார்க்க முடியாமல்தான் கூப்பிட்டேன். வந்தாள். வாசல் வரைக்கும் என் கையை நக்கிக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து எனக்கு வாய் திறந்து யாரையும் கூப்பிட முடியவில்லை அக்கா. ஆபீசில் ஆள் வேண்டுமென்றால் எழுந்து போய்த் தோளைத் தொடுகிறேன்.

என்ன கிடைத்தது என்று கேட்டாய். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அவளை அறுத்தார்கள்.

வாண்டு விஷயம். இதயம் நின்றால் எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும். வடிகட்டச் சிறுநீரகம் கிடையாது, கொண்டுபோக இரத்தம் ஓடாது. காலையில் போட்ட மருந்தில் கொஞ்சம்தான் போயிருக்கும். மீதி அவளோடுதான் போனது. இதை உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை.

தம்பி

ஆகஸ்டு 22

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இத்தனை நாளாயிற்று. சாப்பிடுகிறாயா? எனக்குக் கண்ணில் குறையில்லை. மாமாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது.

நீ அனுப்பிய ஆட்டை முதலில் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தண்ணீர் கூட உன் மாமாதான் வைத்தார். போன மாதம் அதற்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. அவர் வெளியே போயிருந்தார். கால்நடை டாக்டர் வந்து ஊசியை எடுத்தார். “கொஞ்சம் தலையைப் பிடிங்கம்மா” என்றார். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. பிடித்தேன். மருந்து கழுத்துக்குள் போவதைக் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

அதன் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அது மூத்திரம் பெய்யும்போதெல்லாம், போகிறது, கொஞ்சம் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாண்டுவுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லையே என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவளுக்குப் போட்ட மருந்து அவளோடேயே இருக்கிறது. நீ உண்மையைச் சொன்னது நல்லதுதான், ஆனால் சில நாள் அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்த மருந்துதான் வந்து நிற்கிறது.

ஆடு பிழைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. பின்வாசல் சத்தமும் நிற்கவில்லை. இந்த ஆடு அந்தப் படிப் பக்கமே போவதில்லை, அதனால் அது இதன் குளம்புச் சத்தம் இல்லை. மாமா நாற்காலியைத் திரும்பவும் பின்னறைக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்கிறோம்.

உப்புத்தண்ணீர் வேண்டும் என்று கேட்டவள் நான். அதை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. எழுதாமல் விட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லீவு கிடைத்தால் வா. கதவு திறந்துதான் இருக்கும், உன் அறையைப் பெருக்கி வைக்கிறேன். பட்டிப் பக்கம் மட்டும் போகாதே. இங்கே இருப்பவை இன்னமும் கூப்பிட்டால் வருகின்றன.

அக்கா